இரண்டு கொன்ஸ்தந்தீனுவையும் இரண்டு சங்கிலியையும் ஒன்றாக்க வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் யாழ்ப்பாண இராச்சியத்தின் வீழ்ச்சி பற்றி வந்த கட்டுரையைக் குறித்து எழுதுகிறேன். அச்சுப்பிழை என்றால் பேசாமல் விட்டிருப்பேன். இது ஆளையே மாற்றிவிட்ட பிழை, அதுவும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வாசிக்கிற பக்கத்தில்.

கட்டுரை சொல்வது இதுதான்: கொன்ஸ்தந்தீனு என்ற போர்த்துக்கேயத் தலைவன் 1560 இல் நல்லூரைத் தாக்கினான், சங்கிலி மன்னனைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினான், திருக்கோணேசர் கோயிலை இடித்தான், கடைசியில் 1630 இல் கண்டிப் படையோடு நடந்த சண்டையில் செத்தான். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி இதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தவள், பாதியில் பேனையை வைத்துவிட்டு, "அப்பப்பா, இந்த ஆள் சாகேக்க எத்தினை வயசு?" என்று கேட்டாள். கணக்குப் பார்த்தேன். 1560 இல் படையோடு வந்த கொன்ஸ்தந்தீனு பிறந்தது 1528 இல். அவனே 1630 இலும் செத்தான் என்றால் 102 வயது. அந்த வயதில் ஒருவன் ஊவா மலைக்குப் படை நடத்திப் போவானா? பிள்ளைக்கு வந்த சந்தேகம் கட்டுரையை எழுதியவருக்கும் வரவில்லை, பார்த்து அச்சுக்கு விட்டவருக்கும் வரவில்லை.

நடந்தது என்னவென்றால், ஒரே பெயரில் இரண்டு பேர் யாழ்ப்பாணத்தின் கதைக்குள் வந்தார்கள். இரண்டு தடவையும் எதிரில் நின்ற மன்னனின் பெயரும் சங்கிலிதான். ஆனால் அவர்களும் இரண்டு பேர். இந்த நாலு பேரையும் கட்டுரை இரண்டு பேராக்கிவிட்டது.

முதல் ஆள் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா. போர்த்துக்கலில் அரச குடும்பத்துக்கு அடுத்த இடத்தில் இருந்த பிரகன்சா கோமகன் வீட்டுப் பிள்ளை, 1558 முதல் 1561 வரை கோவாவில் இருந்த அரசப் பிரதிநிதி. 1544 இல் மன்னாரில் கிறிஸ்தவர்களாக மாறிய மக்களை முதலாம் சங்கிலி கொன்றான் அல்லவா, 600 பேருக்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு, அதற்குத் தண்டனை கொடுக்கப் போகிறோம் என்ற பெயரில்தான் இவன் 1560 இல் கப்பல்களோடு வந்து நல்லூருக்குள் நுழைந்தான். மன்னன் தப்பிவிட்டான். அவன் கோவாவுக்குக் கொண்டுபோகப்படவே இல்லை. பிறகு ஊர்ச்சனம் கிளர்ந்து எழவும் பறங்கியர் குடாநாட்டில் நிற்க முடியாமல் பின்வாங்கி மன்னார்த் தீவைப் பிடித்துக்கொண்டு அங்கே கோட்டை கட்டினார்கள், புன்னைக்காயல் பக்கத்துப் பரதவர்களில் ஒரு பகுதியினரை அங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். அந்தப் படையெடுப்பில் யாழ்ப்பாணத்தில் அகப்பட்ட ஒரு பல்லைப் புத்தரின் தந்தம் என்று சொல்லிக் கோவாவுக்குக் கொண்டுபோனதும் இவன்தான். பர்மாவில் இருந்த பெகு நாட்டு அரசன் அதற்குப் பெருந்தொகை தருவதாகத் தூது அனுப்பியும், கோவாப் பேராயர் அதை உரலில் இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டினார் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையான தந்தம் அங்கே போகவே இல்லை என்பது சிங்கள மரபு. அது வேறு வழக்கு, இங்கே வேண்டாம்.

இரண்டாவது ஆள் கொன்ஸ்தந்தீனு த சா த நொரோஞ்ஞா. பிரகன்சாவின் படையெடுப்புக்கு ஐம்பத்தெட்டு வருடம் கழித்து, 1618 இல் கொழும்பில் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றவன். இவன் கோவாவில் ஆண்டவன் அல்ல, இலங்கையில் இருந்தவன். 1619 இல் பிலிப் த ஒலிவெயிராவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியவன் இவன். கவனியுங்கள், அனுப்பியவன். வந்து நாட்டைப் பிடித்து, தலைநகரை நல்லூரில் இருந்து இன்றைய பட்டினத்துக்கு மாற்றி, 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தது ஒலிவெயிரா. கடல் வழியாகத் தப்பப் பார்த்த இரண்டாம் சங்கிலியைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய் மரண தண்டனை கொடுத்தது அந்தப் படையெடுப்பின் முடிவில்தான். திருக்கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லை எடுத்து 1624 இல் திருகோணமலைக் கோட்டையைக் கட்டிய பழி த சாவுக்கு உரியது. மட்டக்களப்புக் கோட்டையும் இவன் காலத்ததுதான். 1630 ஆகஸ்டில் வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெல என்ற இடத்தில், கூட வந்த லஸ்கரின்கள், அதாவது பறங்கியருக்காகச் சண்டை பிடித்த உள்ளூர்ப் படையினர், அணி மாறிவிட, கண்டிப் படையிடம் இவன் உயிரை விட்டான். இவனுடைய மகன் தகப்பனைப் பற்றி எழுதிய நூல் 1681 இல் லிஸ்பனில் அச்சானது, அதனால் இவன் சாவு ஒன்றும் மூடுமந்திரம் இல்லை.

சரி, இரண்டு பேருமே பறங்கியர், இரண்டு பேருமே இடித்தவர்கள், எரித்தவர்கள், யார் யார் என்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்பார்கள். எங்கள் வாசிகசாலையில் நேற்று ஒருவர் கேட்டே விட்டார்.

நான் முப்பத்தொரு வருடம் தபாற் கந்தோரில் வேலை செய்தவன். 1980களில் வலிகாமத்தில் ஒரு சின்னக் கந்தோரில் இருந்தபோது ஒரே ஒழுங்கையில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்குச் சுருட்டுக் கொட்டில் இருந்தது, மற்றவருக்கு வெங்காயத் தோட்டம். ஊர்ச்சனம் ஒருவரைக் கொட்டிலார் என்றும் மற்றவரைக் கிணற்றடியார் என்றும் சொல்லும், அதனால் ஊருக்குள் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. ஆனால் ஜெர்மனியில் இருந்து பதிவுத் தபால் அனுப்புகிற பொடியன் உறையில் கொட்டிலார் என்று எழுதுவானா? பெயர், முதலெழுத்து, ஊர், அவ்வளவுதான். கிணற்றடியாருக்கும் வெளிநாட்டில் ஒரு மகன் இருந்தான், அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார், நான் கொடுத்தேன். பதினேழு நாள் கழித்துத்தான் பிழை வெளியே வந்தது. அந்தப் பதினேழு நாளும் கொட்டிலார் மனைவி பின்னேரங்களில் படலையில் நின்று என் சைக்கிளைப் பார்த்தது, நான் தலையை ஆட்டிவிட்டுப் போனது, உள்ளே போகும்போது அவ சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தது, எல்லாம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. மகனின் கடிதம் இருபது வீடு தள்ளி ஒரு அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. அதன் பிறகு உறையில் உள்ள பெயரை மட்டும் பார்த்து நான் ஒரு கடிதமும் கொடுத்தது கிடையாது. பெயருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று கேட்டுத்தான் கொடுப்பேன்.

அந்தப் பழக்கத்தில்தான் ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கொன்ஸ்தந்தீனு என்ற பெயர் எங்கே இருந்து கிளம்பியது என்று தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொன்ஸ்தன்ஸ் என்பது இலத்தீன் சொல். நிலைகுலையாமல் உறுதியாக நிற்பவன் என்று பொருள். அதிலிருந்து கொன்ஸ்தந்தியுஸ், அதிலிருந்து கொன்ஸ்தந்தீனுஸ். எங்கள் வீடுகளில் பாட்டன் கந்தப்பு, மகன் கந்தையா, பேரன் கந்தசாமி என்று ஒரே முருகனின் பெயரைச் சுற்றிச் சுற்றி வைப்பதுபோல என்று எடுத்துக்கொள்ளுங்கள். உரோமப் பேரரசின் பிற்காலத்தில் கொன்ஸ்தந்தியுஸ் என்ற பேரரசன் 306 இல் இன்றைய இங்கிலாந்தின் யோர்க் நகரில் இறந்தபோது, படைவீரர்கள் அங்கேயே அவன் மகன் கொன்ஸ்தந்தீனுஸைப் பேரரசனாக உயர்த்தினார்கள். நாம் கொன்ஸ்தந்தீன் என்று சொல்லும் பெரிய ஆள் இவன். 312 இல் உரோமுக்கு வெளியே மில்வியன் பாலத்துச் சண்டையில் வென்றது, 325 இல் நைசியாவில் ஆயர்களைக் கூட்டியது, 330 மே 11 இல் பைசாந்தியம் என்ற பழைய ஊரைத் தன் பெயரில் கொன்ஸ்தாந்திநோபிளாக்கித் திறந்தது எல்லாம் இவன்தான்.

இவனுக்குப் பிறகு ஆண்ட மூன்று மகன்களின் பெயர்களைப் பாருங்கள்: கொன்ஸ்தந்தீனுஸ், கொன்ஸ்தந்தியுஸ், கொன்ஸ்தன்ஸ். மகள் ஒருத்தி கொன்ஸ்தந்தீனா. மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரி கொன்ஸ்தந்தியா. ஒரு பந்தியில் எல்லோரும் இருந்தால் யாரைக் கூப்பிட்டாலும் அரைவாசிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 337 இல் தகப்பன் கண்ணை மூடினான், மூன்று பேரும் நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். மூன்றே வருடத்தில், 340 இல், மூத்தவன் கொன்ஸ்தந்தீனுஸ் கடைக்குட்டி கொன்ஸ்தன்ஸின் பங்கைப் பிடிக்க இத்தாலிக்குப் படையோடு போய் அக்குவிலேயா என்ற ஊருக்குப் பக்கத்தில் செத்தான். கொன்ஸ்தன்ஸ் 350 இல் தன் அதிகாரி ஒருவன் செய்த கலகத்தில் கொல்லப்பட்டான். 361 வரை மிஞ்சியவன் நடுவில் இருந்த கொன்ஸ்தந்தியுஸ். ஒருவனுக்கு உரிய ஆண்டை இன்னொருவனுக்கு வைத்தால், செத்தவன் கலகத்தை அடக்குவான், கொன்றவன் கொலையுண்டு கிடப்பான். மாணவர் பக்கத்தில் நடந்ததும் அதுதானே.

இந்தக் குடும்பத்துக் காசுகள் நம்முடைய மண்ணுக்கும் வந்திருக்கின்றன. நாலாம், ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. மாந்தையிலும் கந்தரோடையிலும் உரோமக் காசுகள் எடுத்திருக்கிறார்கள். பழங்காசு சேர்க்கும் நண்பர் ஒருவர் தன்னிடம் இருந்த ஒன்றை என் கையில் தந்து பூதக்கண்ணாடியையும் தந்தார். இன்றைய ஐந்து ரூபாய்க் குற்றியைவிடச் சின்னது, புளி போட்டுத் துலக்காத செப்புக் குடத்தின் நிறம். ஒரு பக்கம் வெற்றிமாலை சூடிய ஒரு இளம் தலை, மறுபக்கம் ஈட்டியோடு இரண்டு வீரர்கள், நடுவில் படைக்கொடி. தலையைச் சுற்றி எழுத்து. கொன்ஸ்தந்தி என்கிற அளவுக்குத்தான் முதலில் தெரிந்தது, அதற்குப் பிறகு தேய்ந்து போயிருந்தது. அந்த இடத்தில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. அடுத்தது னுஸ் என்று வந்தால் ஒரு ஆள், யுஸ் என்று வந்தால் இன்னொரு ஆள். வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்துப் பார்க்க, அதே தலையின் மற்றப் பக்கத்து விளிம்பில் மூன்று எழுத்து மெல்லத் தெரிந்தது. இளையவன் என்பதற்கான இலத்தீன் சொல்லின் முதல் மூன்று எழுத்து. அப்போ அது தகப்பனின் காசு அல்ல, மகன் இளவரசனாக இருந்த காலத்தது.

எனக்கு மேல் சிலிர்த்தது என்றே சொல்ல வேண்டும். நகத்தளவு செம்பில், சுத்தியலால் அடித்து ஆயிரக்கணக்கில் வெளியே விடுகிற காசில், தகப்பன் வேறு மகன் வேறு என்று காட்ட மூன்று எழுத்துக்கு இடம் கண்டுபிடித்திருக்கிறான் அந்த அச்சு வெட்டியவன். முழுப்பக்கக் கட்டுரையில் த பிரகன்சா, த சா என்று போட இடமில்லையா?

அப்புறம் ஒரு விஷயம். முதலாம், இரண்டாம், மூன்றாம் என்ற எண்கள் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டவை அல்ல. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் பிரித்துப் பார்ப்பதற்காகப் போட்டவை. மூன்றாம் கொன்ஸ்தந்தீன் என்று எண்ணுகிற ஒருவன் இருக்கிறான், அந்தக் குடும்பத்தோடு இரத்த உறவே இல்லாதவன். 407 இல் பிரித்தானியாவில் இருந்த உரோமப் படை அடுத்தடுத்து இரண்டு பேரைத் தலைவனாக்கிக் கொன்றுவிட்டு மூன்றாவதாக ஒரு சாதாரண படைவீரனைத் தூக்கி வைத்தது. அவன் பெயர் கொன்ஸ்தந்தீனுஸ் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவனைத் தெரிந்தெடுத்தார்கள் என்று அந்தக் காலத்தவரான ஒரோசியுஸ் எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கு முன் அதே நாட்டில் அதே பெயரில் எழும்பிய ஒருவன் உலகத்தை ஆண்டான் அல்லவா, அந்த ராசி. அவனும் அதை நம்பி மகனுக்குக் கொன்ஸ்தன்ஸ் என்று பெயர் வைத்திருந்தான். நாலு வருடம் தாக்குப்பிடித்து, 411 இல் தென் பிரான்சில் ஆர்ல் நகரில் சரணடைந்து, இத்தாலிக்குக் கொண்டுபோகும் வழியில் தலை போனது.

அதற்குப் பிறகு கிழக்கு உரோமப் பேரரசில் அந்தப் பெயர் பதினொன்று வரைக்கும் போனது. ஆறாம் கொன்ஸ்தந்தீனின் கண்களைப் பறித்தது அவனைப் பெற்ற தாய் ஐரீன், 797 இல். பதினோராம் கொன்ஸ்தந்தீன் 1453 மே 29 அன்று துருக்கியர் கொன்ஸ்தாந்திநோபிள் நகரத்துக்குள் ஏறியபோது சண்டையில் விழுந்தான். நகரத்தைக் கட்டியவனின் தாய் பெயர் ஹெலேனா, நகரம் விழுந்தபோது இருந்தவனின் தாய் பெயரும் ஹெலேனா. இதை வைத்து அந்தச் சனம் எத்தனையோ கதை சொன்னது. மேற்கிலும் கடைசி உரோமப் பேரரசனாக எண்ணப்படுகிறவனின் பெயர் ரோமுலுஸ், உரோமைக் கட்டியவனாகச் சொல்லப்படுகிறவனின் பெயர்தான்.

போர்த்துக்கலுக்கு அந்தப் பெயர் கொன்ஸ்தந்தீனு ஆகப் போனது, அங்கிருந்து கப்பலேறி இரண்டு தடவை எங்கள் கரைக்கு வந்தது. எனக்கு இதில் மனதை உறுத்துவது, நாங்கள் இதே குழப்பத்தை எங்கள் மன்னர்களிடமும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான். யாழ்ப்பாணத்து அரசர்கள் சிம்மாசனம் ஏறும்போது பரராசசேகரன், செகராசசேகரன் என்ற இரண்டு பட்டப் பெயர்களை மாறி மாறி எடுத்தவர்கள். அந்த வரிசையில் எந்தப் பரராசசேகரன் எதைச் செய்தான் என்று பிரிப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சங்கிலி விஷயத்தில் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையே மன்னாரில் கொன்றவனையும் பறங்கியரிடம் நாட்டை இழந்தவனையும் ஒரே சங்கிலியாகத்தான் சொல்கிறது. அதை எழுதிய புலவரை நான் குறை சொல்லமாட்டேன், அவரிடம் போர்த்துக்கேய ஆவணங்கள் இருக்கவில்லை. இன்றைக்கு எங்களிடம் இருக்கின்றன.

என் மனைவியின் ஊர் மன்னார்ப் பக்கம், வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். கல்யாணம் முடிந்த புதிதில் அவவின் பெரியப்பா நல்லூருக்கு வந்தபோது முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினேன். வாளும் குதிரையுமாக நின்ற மன்னனை அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "தம்பி, எங்கட சனத்தைக் கொன்றவன் இவன்தானோ?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே சங்கிலிதான் சொல்லித் தந்திருந்தார்கள், ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு சிலையைப் பார்க்காமல் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். 1544 க்கும் 1619 க்கும் இடையில் எழுபத்தைந்து வருடம். மன்னார்க் கொலை நடந்தபோது, கோவாவில் உயிர் போன கடைசி மன்னன் ஆட்சிக் கதையிலேயே இல்லை. இவனும் அதிகாரத்துக்கு வந்த வழியில் இரத்தம் உண்டு, வாரிசு சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆட்களைக் கொன்றுதான் ஆட்சியைக் கையில் எடுத்தான். அது இவனுடைய கணக்கு. மன்னார் இவனுடைய கணக்கு அல்ல. பெரியப்பாவுக்கு நான் இதைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். இப்போ அவர் இல்லை.

இதனால்தான் சொல்கிறேன், பெயர் ஒன்று என்பதற்காக ஒருவனின் பழியை இன்னொருவன் தலையில் வைப்பது சின்ன விஷயம் அல்ல. கோணேசர் கோயிலுக்குக் கொன்ஸ்தந்தீனு த சா பதில் சொல்லட்டும். மன்னார்க் கோட்டைக்கும் அந்தப் பல்லுக்கும் த பிரகன்சா பதில் சொல்லட்டும்.

இன்னும் ஒன்று, இது உங்கள் போன வாரக் கட்டுரையில் இல்லை, ஆனால் தமிழ்ப் பாட உதவிக் குறிப்புகளில் அடிக்கடி பார்க்கிறேன். வீரமாமுனிவரின் சொந்தப் பெயரைக் கொன்ஸ்தந்தைன் ஜோசப் பெஸ்கி என்று போடுகிறார்கள். 1680 இல் இத்தாலியில் பிறந்த அவருக்கு வீட்டார் வைத்த பெயர் கொஸ்தான்சோ. அது கொன்ஸ்தந்தீனுஸில் இருந்து வந்தது அல்ல, கொன்ஸ்தந்தியுஸில் இருந்து வந்தது. அதாவது நகரம் கட்டிய மகனின் பெயர் இல்லை, யோர்க்கில் இறந்த தகப்பனின் பெயர். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் சிலர் தங்களுக்குப் பழகிய பெயராக மாற்றிவிட்டார்கள், நாங்கள் அதைப் பார்த்து எழுதுகிறோம். அவரோ தன் பெயரின் பொருளை எடுத்துத் தமிழில் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டவர். உறுதி என்ற இலத்தீன் சொல் தைரியமாகி எங்கள் வாயில் வந்து உட்கார்ந்தது எவ்வளவு அழகு! எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு காட்டிய சீர்திருத்தத்தை அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்கிறோம். எழுத்தில் இவ்வளவு நுணுக்கம் பார்த்தவரின் பெயரிலேயே நாங்கள் பிழை விடலாமா? ஸ்லாவிய மக்களுக்கு எழுத்து ஆக்கிக் கொடுத்த இன்னொரு துறவியின் பெயர் உண்மையிலேயே கொன்ஸ்தந்தீன். 869 இல் உரோமில் இறக்கப் போகும் தறுவாயில் சிரில் என்று துறவுப் பெயர் எடுத்தார், அந்தப் பெயரால்தான் உலகம் இன்று அவரை அறியும்.

பெயரை எழுதும் முறையிலும் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது. இந்தியப் புத்தகங்களில் கான்ஸ்டன்டைன், எங்கள் பழைய பாடப்புத்தகங்களில் கொன்ஸ்தந்தைன், சில பத்திரிகைகளில் கொன்ஸ்ரன்ரைன், கிறிஸ்தவக் கோயில் பதிவேடுகளில் கொன்ஸ்தந்தீன். பிள்ளைகள் இதை நாலு ஆட்கள் என்று நினைக்கிறார்கள். இரண்டு ஆட்களை ஒருவராக்குவதும் ஒருவரை நாலாக்குவதும் ஒரே பக்கத்தில் நடக்கிறது. எனக்குத் தோன்றுவது, உரோமப் பேரரசன் என்றால் கொன்ஸ்தந்தீன், தகப்பனும் நடு மகனும் கொன்ஸ்தந்தியுஸ், போர்த்துக்கேயர் என்றால் கொன்ஸ்தந்தீனு, கூடவே குடும்பப் பெயர். இதைவிட நல்ல முறை உங்களிடம் இருந்தால் அதை எடுங்கள், ஒன்றை எடுத்தால் அதையே பிடியுங்கள். முதல் தடவை பெயர் வரும்போது பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். கட்டுரையின் நடுவில் வெறும் சங்கிலி என்று விடாமல் முதலாம் சங்கிலி, இரண்டாம் சங்கிலி என்று போட்டால் அரை வரி கூடும், அவ்வளவுதான்.

இந்த ஞாயிறே திருத்தம் போடும்படி கேட்கிறேன். பின்பக்கத்து மூலையில் இரண்டு வரியாகப் போட வேண்டாம். பேத்தியின் வகுப்பில் அந்தக் கட்டுரையை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். திருத்தம் வந்தால் அதையும் பக்கத்திலேயே ஒட்டுவதாக வகுப்பு ரீச்சர் சொல்லியிருக்கிறா. அதனால் அதே மாணவர் பக்கத்தில், பின் வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் தெரிகிற எழுத்தில், 1560 கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா, முதலாம் சங்கிலி என்று ஒரு வரியும், 1619 கொன்ஸ்தந்தீனு த சா, ஒலிவெயிரா, இரண்டாம் சங்கிலி என்று ஒரு வரியும் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாற் கந்தோர் ஊழியர்,
கொக்குவில்.